இடது பக்கத்துச் சத்தம்

அபுதாகிர் தட்டையான பிளாஸ்டிக் பட்டை ஒன்றை டேஷ்போர்டின் இடுக்கில் செருகி நெம்பியதும் டக்கென்று ஏதோ விட்டுக்கொண்டது. அந்தச் சத்தம் நேராகக் கோகிலவாணியின் கடைவாய்ப் பல்லில் போய் உட்கார்ந்தது. உடைந்துவிட்டதா? "உடையலீங்க அக்கா. கிளிப்பு கழண்டுக்குது, அவ்வளவுதான்," என்றான் அவன், அவள் கேட்பதற்கு முன்பே. கடைக்கு வெளியே, உக்கடம் குளத்தை ஒட்டிய சாலையில், பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே போயின. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அதனால்தான் அவன் அவளை வண்டிக்குள்ளேயே உட்காரச் சொல்லியிருந்தான். அவள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தாள், பரிசோதனைக்கு வந்த நோயாளி மாதிரி. காலையில் விதைப் பரிசோதனை நிலையத்தில் அரைநாள் லீவு சொல்லும்போது எதற்கென்று கேட்டார்கள். வண்டிக்குப் பாட்டு செட் மாற்ற என்று சொல்ல வாய் வரவில்லை. ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளை, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஆபீசுக்கு வருவதே அவர்களுக்குப் போதுமான வேடிக்கை. பல்லுக்குப் போகணும் என்று சொல்லிவிட்டாள். இப்போது பல் நிஜமாகவே கூசியது. பொய் சொன்ன இடத்திலேயே வலி வந்து நிற்கும் போலிருக்கிறது. புது செட் அட்டைப்பெட்டியோடு அவள் காலடியில் இருந்தது. மஸ்கட்டிலிருந்து அவள் வீட்டுக்காரர் அனுப்பியது. கூட வேலை பார்க்கும் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். "சார் இந்த வாட்டி வரலீங்களாமா. இதைக் குடுக்கச் சொன்னாருங்க," என்றார் அவர். காபி வைக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று வாசலிலேயே திரும்பிவிட்டார். அவர் போனபிறகும் வாணி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஆள் வரவில்லை, பெட்டி வந்திருக்கிறது. பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரி காரில் உட்கார்ந்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பழைய செட் வண்டியோடு வந்தது. வண்டி ஜப்பானிலிருந்து வந்தது. யாரோ மில்காரர் வீட்டுப் பையன் ஆசைப்பட்டு இறக்குமதி செய்து, சலித்துப்போய் விற்று, அதை வாங்கினவரும் விற்று, கடைசியில் பம்ப் கம்பெனியில் டிசைன் பார்த்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் தெய்வசிகாமணியிடம் வந்து சேர்ந்தது. துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். விளக்கு போட்டால் முகப்பிலிருந்து இரண்டு கண்கள் எழுந்து பார்க்கும். மருதமலை ரோட்டில் முதல் நாள் ஓட்டிக்கொண்டு வந்தபோது தெருப்பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடிவந்தார்கள். அவர் கேட்டைத் திறக்காமல் ஹாரன் அடித்தார். அவள் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தாள். ஏனுங்க இது, என்றாள். வண்டி, என்றார். ரெண்டு சீட்டுதானே இருக்குது, என்றாள். அதற்கு அவர் சொன்னது. அதைத்தான் அவள் எத்தனையோ முறை திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்துவிட்டாள், எந்தத் தொனியில் சொன்னார் என்று. நாம ரெண்டு பேர்தானே வாணி. அவ்வளவுதான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கு முந்தின மாசம்தான் அவிநாசி ரோடு ஆஸ்பத்திரியில் குழந்தைக்காக வைத்தியம் பார்த்துவந்த டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, இதுக்கு மேல உடம்பைப் படுத்த வேண்டாம்மா, என்று சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் ஒரு பலூன்காரன் கண்ணாடியைத் தட்டினான், அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு வண்டி வந்தது. நாம ரெண்டு பேர்தானே. அவளும் சிரித்தாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், கூரையை மடித்துவிட்டு வடவள்ளி வரைக்கும் போனார்கள், காற்று அவள் கொண்டையைக் கலைத்தது, ஒரு பாட்டு பாடியது, எந்தப் பாட்டு என்று இப்போது நினைவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அது வேதனையா, சந்தோஷமா என்று அப்போதும் தெரியவில்லை. இரண்டுமே ஒரே குழாயில் வந்ததாகத்தான் இப்போது படுகிறது. அந்த ஆண்டு முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்காவது போனார்கள். சிறுவாணி ரோடு, ஆனைகட்டி, வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் அவர் கியர் மாற்றும் கை அவள் முழங்காலில் பட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு வளைவிலும். அவள் காலை நகர்த்திக்கொண்டதே இல்லை.

"அக்கா, ஒரு நிமிசம்." அபுதாகிர் இடது பக்கத்துச் சீட்டில் குனிந்து உட்கார்ந்து, கழற்றுவதற்கு முன்னால் பழைய செட்டை ஒருமுறை போட்டுப் பார்த்தான். எஃப்.எம்.மில் யாரோ வீட்டுமனை விற்றுக்கொண்டிருந்தான். "உங்க பக்கத்து ஸ்பீக்கர் பேசலைன்னுதானே மாத்தறீங்க? ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குதுங்க. பேலன்சை யாரோ முழுசா லெஃப்டுல திருப்பி விட்ருக்காங்க." அவன் குமிழைத் தொட்டான். "இருங்க," என்றாள் அவள். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. அவன் கையை எடுத்துவிட்டான். "தெரியுமுங்க. எங்க வீட்டுக்காரர் வெச்சது." அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை அவனிடம் எப்படிச் சொல்வது? சின்ன வயசில் பொன்னுக்கு வீங்கி வந்து அவருக்கு வலது காது போய்விட்டது. இடது காது மட்டும்தான். கல்யாணம் பேசும்போது மாமியார் அதைச் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒரு வாரம் அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, இந்த மனுசனுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டிவிட்டாள். பிறகு அவரே சொன்னார், இந்தப் பக்கம் வந்து பேசு என்று. அதன்பிறகு அவள் வாழ்க்கையே அவருடைய இடது பக்கத்தில்தான். சாப்பாட்டு மேசையில் இடது பக்கம், கடைவீதியில் இடது பக்கம், கல்யாண வீடுகளில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எழுப்பிவிட்டு இடது பக்கம். வண்டியில் மட்டும் இடம் தேட வேண்டியதில்லை. அவர் ஓட்ட, அவள் பக்கத்தில், நல்ல காதுக்கு நேராக அவள் வாய். பாட்டும் அந்தக் காதுக்கே வரட்டும் என்றுதான் அவர் குமிழை அந்தக் கோடிக்குத் திருப்பினார். அவர் போனபிறகு வண்டி ஓட்டப் பழகி இந்தச் சீட்டுக்கு வந்தவள் அவள். செட்டைப் போட்டால் சத்தம் காலிச் சீட்டிலிருந்து வரும். செய்தி, விளம்பரம், பாட்டு எல்லாமே அங்கிருந்துதான். யாரோ அங்கே உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பாடிக்கொண்டே வருகிற மாதிரி இருக்கும். குமிழை நடுவுக்குத் திருப்ப ஒரு நொடி ஆகாது. திருப்பவில்லை. "இதுவே நல்லாருக்குதுங்க அக்கா," என்றான் அபுதாகிர். "இந்த மாதிரி கம்பெனி செட்டு இப்பக் கிடைக்காது. என்னைக் கேட்டா வெச்சுக்கலாமுங்க. புதுசை ரிட்டன் பண்ணிருங்க." யாரிடம் ரிட்டன் பண்ணுவது? கடல் தாண்டி இருக்கிறவரிடமா? நீங்க குடுத்த சாமான் வேண்டாம், சாமான் குடுத்த ஆள்தான் வேணும் என்றா? "மாத்திருங்க," என்றாள். அவன் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு இரும்புக் கொக்கிகளை எடுத்துச் செட்டின் இரு பக்கமும் செருகினான்.

ஏன் போனார் என்பது அவளுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. பம்ப் கம்பெனி கைமாறி ஆட்களைக் குறைத்தார்கள், அது ஒரு காரணம். ஆனால் அவரைக் குறைக்கவில்லையே. மஸ்கட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று கடிதம் வந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, என்ன சொல்றே வாணி, என்றார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உங்க இஷ்டம், என்றாள். அந்த இரண்டு சொல் எங்கிருந்து வந்தது? அவள் அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. உங்க இஷ்டம் என்றால் போகாதீங்க என்று அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும் என்று நினைத்தாள். தெரிந்துதான் இருக்கும். தெரிந்தும் போனார் என்றால்? அல்லது, போ என்று அவள் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு, அந்த வருத்தத்தோடேயே போனார் என்றால்? இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு செக்குமாடு மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும். வீட்டில் வெறுமை இருந்தது உண்மை. அந்த அறையை, குழந்தைக்கென்று பச்சை வண்ணம் அடித்து வைத்திருந்த அந்தச் சின்ன அறையை, கடந்து போகும்போது இருவரும் நடையை வேகப்படுத்துவார்கள். அதிலிருந்து தப்பித்தாரா? அப்படியானால் அவளையும் அல்லவா அதிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இல்லை, அவருக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் குற்றமாக இருந்திருக்கலாம். யாருடைய குறை என்று டாக்டரம்மா சொல்லவே இல்லை. இவர்களும் கேட்கவில்லை. வேலைக் காலம் முடியும்போதெல்லாம் போனில் கேட்பார், இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க, என்ன சொல்லட்டும்? உங்க இஷ்டம். இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குது. நல்லாத்தான் இருந்தது. மோட்டார் பழுதானது, மாற்றினாள். சோபா கிழிந்தது, மாற்றினாள். பச்சை அறைக்குப் புத்தக அலமாரி வந்தது. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து, அவர் கைபட்டது பட்டபடியே இருப்பது இந்தக் குமிழ் ஒன்றுதான் என்ற நிலைக்கு வந்துவிட்டிருந்தது. ஆபீசில் ஈரக் காகிதத்தில் விதைகளைச் சுருட்டி வைத்து, முளைத்திருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பாள். முளைத்தது, அழுகியது என்று பிரித்தபிறகு ஒன்றிரண்டு மிஞ்சும். வைத்தது வைத்தபடி, கல் மாதிரி. கடின விதை என்று எழுதுவார்கள். உயிர் இருக்கும். தண்ணீரை மட்டும் உள்ளே விடாது. கீறிவிட்டால் மறுநாளே முளைவிடும். நேற்று அவர் செய்தி அனுப்பியிருந்தார். மறுபடி கேக்கறாங்க வாணி. நாளைக்கு மதியத்துக்குள்ள பதில் சொல்லணும். காலைல கூப்பிடறேன். அவள் சரி என்று மட்டும் பதில் போட்டாள். விடிந்ததிலிருந்து போன் கைப்பையில் இருந்தது. அடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அடிக்காமலேயே போய்விடுமோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

கொக்கிகளை இழுத்ததும் செட் முனகிக்கொண்டே வெளியே வந்தது. பின்னால் கலர் கலராக வயர்கள். அபுதாகிர் பேட்டரியைக் கழற்றினான். பச்சை எழுத்தில் மணி காட்டிக்கொண்டிருந்த சின்ன ஜன்னல் கறுத்துப்போனது. வயர்களைப் பிரித்துவிட்டு, "கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா அக்கா," என்று செட்டை அவளிடம் நீட்டினான். மடியில் வைத்துக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இவ்வளவு நேரம் ஓடியதில் அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது, சேலை மீறித் தொடையில் அந்தச் சூடு இறங்கியது. ஒரு கை அடியிலும் ஒரு கை மேலேயுமாக அணைத்துப் பிடித்திருப்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தாள். கவனித்ததும் சட்டென்று எடுத்துக் கீழே, கால் மிதியில், புதுப் பெட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டாள். தொடையில் சூடு மட்டும் இருந்தது. அது ஆறும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். குளத்தின் மேல் கொக்குகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு. ஹாலில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தது. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அவர் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். நல்ல காது தலையணையில். அப்படிப் படுத்தால் அவருக்கு உலகமே கிடையாது, இடி விழுந்தாலும் தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வலது காதைப் பார்த்தாள். மற்றக் காது மாதிரியேதான் இருந்தது, அழகான காது, மடலில் ஒரு மச்சம். குனிந்து, உதடு படாமல், போகாதீங்க என்றாள். மறுபடி, எனக்குப் பயமா இருக்குது, நீங்க போகாதீங்க என்றாள். மின்விசிறி சுற்றியது. அவர் எழுந்து காபி கேட்டபோது, சர்க்கரை போதுமா என்று இடது பக்கம் வந்து நின்று கேட்டாள். சொல்லியாயிற்று என்ற திருப்தியோடு இத்தனை காலம் இருந்துவிட்டிருக்கிறாள். சொன்னேனே, அவருக்குத்தான் கேட்கவில்லை. கேட்காத காதாகப் பார்த்துச் சொன்னது யார்?

புது செட் மினுமினுவென்று உட்கார்ந்தது. திரை எரிந்தது, நீலம், ஊதா என்று நிறம் மாற்றியது. பழைய வண்டியின் முகத்தில் யாரோ புதுப் பல் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. "போனைக் குடுங்க அக்கா, ப்ளூடூத்து சேத்திப் பாத்தர்லாம்," என்றான் அபுதாகிர். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் எதையெதையோ தொட்டான், செட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் இணைந்துவிட்டதாக இங்கிலீஷில் சொன்னாள். நான்கு பக்கமிருந்தும் சொன்னாள். அந்தக் குரல் ஓயும் முன்பே வண்டி முழுக்க மணி அடிக்க ஆரம்பித்தது. திரையில் அவர் பெயர். அவள் கை எழவில்லை. எடுக்காமல் விட்டால் அடித்து ஓய்ந்துவிடும், பிறகு வீட்டுக்குப் போய், முகம் கழுவி, உட்கார்ந்து, யோசித்து, உங்க இஷ்டம். "எடுக்கட்டுங்களா?" என்றான் அபுதாகிர். பச்சைப் புள்ளியை அவளே அழுத்தினாள். "வாணி," என்றது வண்டி. முன்னால், பின்னால், தோளுக்குப் பக்கத்தில், இருக்கைக்கு அடியில், எங்கும் அவர். போனில் கேட்கிற சின்னக் குரல் இல்லை. இது உடம்புள்ள குரல், தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு, பின்னால் ஏதோ எந்திரத்தின் ஓயாத இரைச்சல். அபுதாகிர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, சத்தம் வராமல் சாத்திவிட்டு, கடைக்குள் போய்விட்டான். "வாணி? லைன்ல இருக்கியா?"

"இருக்கறேனுங்க."

"செட்டு மாட்டியாச்சா? அதுலதான் பேசறியா?"

"ஆமாங்க."

"நல்லாக் கேக்குதா?"

"கேக்குதுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "அவுங்க ஆபீசுல உக்காந்திருக்காங்க. இன்னும் ரெண்டு வருசம்ங்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

வந்தது. நாக்கு தானாகவே அந்த இரண்டு சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றது. வழவழவென்று தேய்ந்துபோன சொற்கள், சிரமமே இல்லை, உதட்டைத் திறந்தால் போதும். அவள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள். வண்டி ஓடவில்லை, ஆனாலும் எங்கோ சரிவில் போகிற மாதிரி கால் பிரேக்கைத் தேடி அழுத்தியது. வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால்? சொன்ன பிறகு சொல்லாததாக ஆக்க முடியாதே. இத்தனை காலமும் அவரை அங்கே நிறுத்தியிருப்பது தன்னுடைய மௌனம்தான் என்று நம்பிக்கொண்டிருக்க முடிந்தது. கேட்டும் வரவில்லை என்றால் அப்புறம் நம்ப என்ன இருக்கும்?

"வேண்டாம்னு சொல்லிருங்க," என்றாள்.

"என்ன?"

"வேண்டாம்னு சொல்லிட்டு வந்துருங்க. என்னால இனி முடியாதுங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னதெல்லாம் பொய்." குரல் உடையவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "எனக்கு நீங்க வேணும்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம். எந்திர இரைச்சல் அடங்கியது. அவர் எங்கோ வெளியே வந்துவிட்டிருந்தார். காற்று மட்டும் கேட்டது, அந்த ஊர்க் காற்று, நான்கு ஸ்பீக்கரிலும். அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, மிகவும் மெதுவாக, "அங்க வந்து நான் என்ன பண்றது வாணி?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற ஒரு ஆளின் குரல், பயந்த குரல். இவருக்குமா?

"தெரியலீங்க. வந்து பாத்துக்கலாம்."

"எனக்கு வயசாயிடுச்சு. நீ பாத்த மாதிரி இல்ல நான்."

"நான் மட்டும் அப்படியே இருக்கறனாக்கும்?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகிவிட்டது, அதை அவர் இருமலாக மாற்றப் பார்த்து அதுவும் சரியாக வரவில்லை. "கணக்கு முடிச்சு விடறதுக்கே ரெண்டு மூணு மாசம் இழுப்பாங்க," என்றார் கடைசியில்.

"இழுக்கட்டும்."

"சரி. உள்ள போய்ச் சொல்லிட்டு வந்து கூப்பிடறேன். எடுப்பியில்ல?"

"எடுக்கறேனுங்க."

இணைப்பு போனதும் செட் தானாகவே எஃப்.எம்.முக்குத் தாவியது; ஒரு நகைக்கடைக்காரன் ஊரையே கூப்பிட்டான். அவள் சத்தத்தைக் குறைக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி துடைக்க வேண்டியிருந்தது, அப்படியே விட்டுவிட்டாள். அவர் சொல்லுவார், சொல்லாமலும் போகலாம், உள்ளே போய் அந்த ஆபீஸ்காரர்களின் முகத்தைப் பார்த்ததும் மனசு மாறலாம். மாறினால் மறுபடி கேட்பாள். கேட்பதற்கு இப்போது வாய் பழகிவிட்டிருந்தது. கடைக்குள்ளிருந்து அபுதாகிர் எட்டிப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். "ஆச்சுங்க அக்கா. வேற ஏதாச்சும் பாக்கணுமுங்களா?"

அவள் பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். அவள் உட்கார்ந்து போன காலத்தில் அவள் அளவுக்கு முன்னால் தள்ளி வைத்தது, அப்படியே நின்றுவிட்டிருந்தது.

"இந்தச் சீட்டு இறுகிக் கிடக்குதுங்க. எண்ணெய் கிண்ணெய் போட்டு, கடைசி வரைக்கும் பின்னால தள்ளி விட்ருங்க."

"முட்டி இடிக்குதேன்னு நானும் பாத்தேன்," என்றான் அபுதாகிர். "யாராச்சும் வாராங்களா?"

"எங்க வீட்டுக்காரர்," என்றாள் கோகிலவாணி. "கொஞ்சம் கால் நீளமுங்க அவருக்கு."